கியர் இல்லாத பந்தயம்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கலசப்பாக்கத்திலிருந்து மேற்கே பார்த்தால் பர்வதமலையும் அதற்குப் பின்னால் ஜவ்வாது மலைத்தொடரும் தெரியும். ஊரை ஒட்டி ஓடும் செய்யாறு அந்த மலைகளில் பிறந்து வருவதுதான். பக்கத்துப் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைச்சாலை ஏறுகிறது. அடிவாரச் சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 170 மீட்டர். மலைமேல் காவலூரில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர். இடையில் உள்ள உயரம், கொஞ்சம் முன்னே பின்னே, 550 மீட்டர். பெல்ஜியத்துப் பையன் ஒருவனையும் கலசப்பாக்கத்துப் பையன் ஒருவனையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க இந்த எண் போதும்.

சமதரையில் யார் வேகம் என்று கேட்டால் பதில் குழப்பும். எதிர்க்காற்று, சாலையின் தரம், டயரில் உள்ள காற்று, முன்னால் போகிறவனின் முதுகு எல்லாமே கணக்கைக் கலைத்துவிடும். ஒருவன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மலையில் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. அங்கே புவியீர்ப்பைத்தான் ஜெயிக்க வேண்டும், அது எல்லாக் கண்டத்திலும் ஒன்றே.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ கியர் சைக்கிளில் 550 மீட்டர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் வரும் சிறு இறக்கங்களை விட்டுவிடலாம். எழுபது கிலோவை அவ்வளவு உயரம் தூக்க ஏறத்தாழ 3,77,000 ஜூல் ஆற்றல் தேவை. ஒரு மணி நேரத்தில் ஏறினால் சராசரி 105 வாட். உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 1.75 வாட். ஆரோக்கியமான, ஆனால் பயிற்சியே இல்லாத ஒருவருக்கு இது மூச்சுவாங்கும் வேலை, செய்யக்கூடியதும்கூட. அரை மணியில் ஏறினால் 3.5 வாட், டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 4 வாட் பக்கம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் சைக்கிள் மிதித்துப் பழகிய நல்ல அமெச்சூர் வீரரின் இடம் அது. இருபது நிமிடத்தில் ஏறுகிறவரை ஐரோப்பியத் தொழில்முறை அணிகள் தேடிவர வேண்டியிருக்கும். 2024 டூர் டி பிரான்ஸில் பிளாட்டோ டி பெய் என்ற மலையில் தொழில்முறை வீரர் ததேய் பொகாச்சர் சுமார் நாற்பது நிமிடம் இடைவிடாமல் கிலோவுக்கு 7 வாட் அளவில் மிதித்ததாகக் கணித்திருக்கிறார்கள். அது வேறு உலகம். இந்த அத்தியாயத்துக்கு அவர் தேவையில்லை.

நமக்கு வேண்டியவர்கள் அமெச்சூர்கள். கூலியோ ஒப்பந்தமோ இல்லாமல் விடியற்காலையில் எழுந்து சைக்கிளை எடுப்பவர்கள். கண்டத்துக்குக் கண்டம் இவர்கள் எப்படி வேறுபடுகிறார்கள், ஏன் வேறுபடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மலையை அளவுகோலாக வைப்பதை ஒரு கலாச்சாரமாகவே ஆக்கியவர்கள் ஜப்பானியர்கள். ஃபுஜி மலையின் ஐந்தாம் நிலை வரை ஏறும் வருடாந்தரப் போட்டி 24 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு ஐந்து சதவீதத்தை ஒட்டி. ஆயிரக்கணக்கான அலுவலக ஊழியர்கள் அதில் ஏறுவார்கள். 90 நிமிடத்துக்குள் முடித்தால் வெண்கல நிற வளையம், 75-க்குள் வெள்ளி, 65-க்குள் தங்கம். சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் சின்ன வளையம்தான். வெள்ளிக்குக் கிலோவுக்கு 4 வாட் பக்கம் வேண்டும், தங்கத்துக்கு நாலரையைத் தாண்ட வேண்டும். நாற்பத்தைந்து வயதுக் கணக்காளர் ஒருவர் அந்த வெள்ளி வளையத்துக்காக மூன்று வருடம் மெனக்கெடுவார். முதலிடம் யாருக்கு என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

இப்போது நம் ஊர் சைக்கிளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவருக்கு அரசே சைக்கிள் தருகிறது. 2000-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்துப் பிறகு எல்லோருக்குமாக விரிந்த திட்டம். கேரியரும் ஸ்டாண்டும் பெல்லும் வைத்த அந்த வண்டி இருபது கிலோ இருக்கும். கியர் கிடையாது. பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். சமவெளிக்கு அருமையான ஏற்பாடு. கலசப்பாக்கத்திலிருந்து பக்கத்துக் கிராமத்துக்கு ஒருத்தியைப் பின்னால் வைத்து டபுள்ஸ் அடித்துக்கொண்டு போகலாம்.

அதே வண்டியை ஏழு சதவீத ஏற்றத்தில் நிறுத்துங்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் 300 ஜூலுக்கு மேல் கொட்ட வேண்டும். சுற்று முழுவதும் சராசரியாக முப்பது கிலோ விசை. ஆனால் கால் எல்லாக் கோணத்திலும் சமமாக அழுத்த முடியாது, பெடல் முன்பக்கம் கிடையாக வரும்போதுதான் பலம் இறங்கும். அந்த நொடியில் கிட்டத்தட்ட உடல் எடை முழுவதையும் ஒற்றைக் காலில் வைத்து நிற்க வேண்டியிருக்கிறது. அடுத்த காலுக்கும் அதேதான். அப்படி நிமிடத்துக்கு முப்பது சுற்றாவது சுற்றினால்தான் வண்டி சாயாமல் போகும். சிறிய முன்பல்சக்கரமும் பெரிய பின்பல்சக்கரமும் வைத்த கியர் சைக்கிளில் ஒரு சுற்றுக்குச் சுமார் 120 ஜூல் போதும். வேகம் குறைவாக இருக்கும், கால் சுகமாகச் சுழலும். ஆக, மலையடிவாரத்தில் பள்ளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பையனைப் பார்த்து அவனுக்குத் தெம்பில்லை என்று முடிவு கட்ட முடியாது. வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வார இறுதியில் வந்து, லட்ச ரூபாய் வண்டியில் அவனைத் தாண்டிப் போகிறவருக்கு அவனைவிடப் பலமான கால்கள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்று கிளம்பியதில்லை என்பதால் அது யாருக்கும் தெரியாது.

ஒரே கோட்டில் நிறுத்தும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளை ஒட்டி ஒவ்வொரு மாவட்டத்திலும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் மிதிவண்டிப் போட்டி. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. இளையவர்களில் மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. மற்ற இரண்டு பிரிவிலும் 20, 15. முதல் பரிசு ஐந்தாயிரம் ரூபாய். பத்தாம் இடம் வரை ஏதாவது கிடைக்கும். விதிகளில் முக்கியமானது ஒன்று: இந்தியாவில் செய்த சாதாரண சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் கூடாது. காசுள்ள வீட்டுப் பையன் இறக்குமதி வண்டியோடு வந்து நிற்க முடியாது.

இந்த விதியைப் பழமை என்று சிரிக்கிறவர்கள் உண்டு. ஜப்பானில் 1948-ல் கொக்குரா நகரில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தையும் அவர்கள் பார்க்க வேண்டும். கோடிக்கணக்கில் பணம் புரளும் அந்தச் சூதாட்டப் பந்தயத்தில் சங்கம் முத்திரை குத்திய இரும்புச் சட்டங்களும் பாகங்களும்தான் இத்தனை காலமாக வழக்கம். கியரும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பணம் கட்டுகிறவன் ஆளின் மேல் கட்டுகிறான், வண்டியின் மேல் கட்டவில்லை என்பது அவர்களின் நியாயம். திருவண்ணாமலையில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு நடக்கும் போட்டிக்கும் அதே நியாயம்தான்.

என் குறை வேறு. இந்தப் போட்டி வருடத்துக்கு ஒரு நாள். வென்றவன் சான்றிதழோடு வீட்டுக்குப் போவான், அடுத்த பந்தயம் அடுத்த செப்டம்பரில்.

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஊர்த் திருவிழாவோடு சேர்ந்தே சைக்கிள் பந்தயம் வரும். கெர்மெஸ் என்பார்கள். ஊரைச் சுற்றி ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் சுற்றுப்பாதை, அதில் திரும்பத் திரும்பச் சுற்று. தொடங்குவதும் முடிவதும் ஒரு மதுக்கடை வாசலில். கோடைக்காலத்தில் வாரத்தின் பெரும்பாலான நாட்களில் எங்காவது ஓர் ஊரில் பந்தயம் உண்டு. பதினாறு வயதுப் பையன் ஒரே பருவத்தில் நாற்பது, ஐம்பது முறை தொடக்கக் கோட்டில் நிற்க முடியும். வளைவில் யார் பக்கம் ஒதுங்குவது, காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது எவன் முதுகுக்குப் பின்னால் நுழைவது, கடைசிச் சுற்றில் எப்போது எழுவது என்பதெல்லாம் அவனுக்கு எப்படிப் பழக்கமாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் தேசியச் சாம்பியனாக இருந்த நவீன் ஜான் போன்றவர்கள் இதற்காகவே பெல்ஜியம் போய் அந்த ஊர்ப் பந்தயங்களில் மிதித்திருக்கிறார்கள்.

இங்கிலாந்துக்காரர்களின் வழி வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பொதுச்சாலையில் கூட்டமாகப் பந்தயம் விடுவது போலீஸ் தொல்லைக்கு இடமானது. பிட்லேக் என்பவர் 1895-ல் ஒரு தந்திரம் செய்தார்: ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்புவது. தோளிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை, விடிவதற்குள் கிளம்பிவிடுவது, பாதையின் பெயரைச் சொல்லாமல் ரகசியக் குறியீட்டில் அறிவிப்பது என்று கிட்டத்தட்டத் திருட்டுத்தனமாகவே நடந்தது. இன்றும் அங்கே பாதைகளுக்கு எழுத்தும் எண்ணுமான குறியீடுதான் பெயர். போலீஸுக்குப் பயந்து உண்டான முறை அறிவியலுக்கு வரப்பிரசாதமாகிவிட்டது, ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாத பந்தயத்தில் நேரம் என்பது நேராக ஆளின் வலுவைச் சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், வார்ணம்பூல் நகரங்களுக்கு இடையே 1895 முதல் நடக்கும் பந்தயத்தில் நெடுங்காலம் பலவீனமானவர்களை முன்னால் அனுப்பி, வல்லவர்களைக் கடைசியில் விட்டுத் துரத்தச் சொன்னார்கள். கசாப்புக் கடைக்காரரும் சாம்பியனும் ஒரே பந்தயத்தில் ஜெயிக்க வாய்ப்புள்ளவர்கள். அமெரிக்காவில் வகுப்பு மாதிரி ஐந்து படிகள். ஐந்தாம் படியில் சேர்ந்து, புள்ளி சேர்த்து, மேலே ஏற வேண்டும்.

ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் வந்ததும் எல்லோரும் உயரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாரா 2,300 மீட்டருக்கு மேல். கொலம்பியாவின் பொகோட்டா 2,600. அங்கே காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு, உடல் அதற்கு ஈடாகச் சிவப்பணுக்களைக் கூட்டுகிறது, தசைக்கு ஆக்சிஜன் அதிகம் போகிறது. உண்மைதான். ஆனால் உயரம் மட்டுமே காரணம் என்றால் லாசாவும் லா பாஸும் டூர் டி பிரான்ஸை ஆண்டிருக்க வேண்டும். ஆளவில்லை. எரித்ரியாவில் இருப்பது இத்தாலியர்கள் விட்டுப்போன பந்தயப் பழக்கம். 1930-களில் அஸ்மாராவில் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று நடந்த பந்தயங்களில் உள்ளூர்க்காரர்கள் பிறகு நுழைந்தார்கள். 1946-ல் நாட்டையே சுற்றும் பந்தயம் வந்தது. இன்றும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நகரத் தெருக்களில் பந்தயம். அந்த மண்ணிலிருந்து வந்த பினியம் கிர்மே 2024 டூரில் மூன்று கட்டங்களை வென்று புள்ளிகளுக்கான பச்சை ஜெர்சியோடு திரும்பினார். கொலம்பியாவுக்கு 1951 முதல் சொந்தத் தேசியச் சுற்று உண்டு. 1984-ல் ஆல்ப் துவேஸ் மலையில் தொழில்முறை வீரர்களையெல்லாம் பின்னால் விட்டு முதலில் ஏறியவர் லூச்சோ எரேரா. அன்று அவர் ஓர் அமெச்சூர். தோட்ட வேலை பார்த்தவர் என்பதால் நாடே அவரைத் தோட்டக்காரர் என்று கொஞ்சியது.

மக்கள்தொகையும் பெரிய காரணமில்லை. இதைப் புள்ளியியலிலேயே பார்த்துவிடலாம். ஒரு திறமை மணி வடிவ வளைகோட்டில் பரவியிருக்கிறது என்று கொள்வோம். ஆயிரம் பேரில் மிகச் சிறந்தவர் சராசரியைவிட 3.2 திட்டவிலக்கம் மேலே இருப்பார். பத்து லட்சம் பேரில் சிறந்தவர் 4.9. ஆட்கள் ஆயிரம் மடங்கு கூடியும் சிகரம் ஒன்றரை விலக்கம்தான் உயர்கிறது. வளைகோடு முழுவதையும் பயிற்சியால் வலப்பக்கம் தள்ளினால் கிடைப்பது இதைவிடப் பெரிது. 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டைக் காட்டி மார்தட்ட இதில் ஒன்றுமில்லை. அதே கணக்கெடுப்பில் 3.8 லட்சம் பேரே இருந்த அந்தமான் நிகோபார்தான் சைக்கிள் வீரர்கள் டெபோரா ஹெரால்டையும் ஈசோ ஆல்பனையும் தந்தது. 2019-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் ஆல்பனும் மணிப்பூரின் ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் சேர்ந்து குழு ஸ்பிரிண்டில் தங்கம் வாங்கினார்கள்.

அப்படியானால் நம் கிராமங்களில் சைக்கிள் கலாச்சாரமே இல்லையா? தாராளமாக இருந்தது, திசைதான் வேறு. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில் பாருக்குள் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுத்தான் தலைமுறைகள் பழகின. பொங்கல் விளையாட்டில் சைக்கிள் பந்தயம் என்றால் பாதி ஊர்களில் அது ஸ்லோ சைக்கிள்: கால் ஊன்றாமல் கடைசியாக வருகிறவன் வெற்றி. வேடிக்கை மாதிரித் தெரியும், இயற்பியலோ கடினமானது. ஓடும் சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தால் முன்சக்கரம் தானாக அந்தப் பக்கம் திரும்பி வண்டியைத் தன் அடியில் கொண்டுவந்துவிடும். இது சக்கரச் சுழற்சியால்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். அது இல்லாமலும் ஒரு வண்டி தானே நிமிர்ந்து ஓடும் என்று 2011-ல் ஓர் ஆய்வுக் குழு செய்தே காட்டியது. வேகம் குறையக் குறைய அந்தத் தன்னுதவி மறைந்து, எல்லாச் சுமையும் ஓட்டுகிறவனின் கைக்கும் இடுப்புக்கும் வந்துவிடும். ஓடுதள ஸ்பிரிண்ட் வீரர்கள் எதிராளியை முன்னால் போகவைக்க வண்டியை அசையாமல் நிறுத்துவார்களே, அந்த வித்தையில் நம் பொங்கல் சாம்பியனுக்குப் பாதிப் படிப்பு முடிந்திருக்கிறது.

இன்னொன்று, இரவும் பகலும் கீழே இறங்காமல் ஊர்த் திடலில் சுற்றிச் சுற்றிச் சைக்கிள் விடுவது. ஒலிபெருக்கியில் பாட்டு, நடுவே டியூப் லைட் உடைக்கும் சாகசம், துண்டில் விழும் காசு. சைக்கிள்மேலேயே குளிப்பார், சாப்பிடுவார். நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் 1890-களில் ஆறு நாள் பந்தயம் என்று நடந்ததும் இதேதான். வீரர்கள் தூக்கமின்றிப் பிரமை பிடித்து விழுவதைப் பார்த்து, ஒருவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. உடனே இருவர் இருவராகச் சேர்ந்து மாறி மாறி ஓட்டினார்கள். அதுதான் இன்று ஒலிம்பிக்கில் மேடிசன் என்ற பெயரில் இருக்கிறது. நம் திடல்காரருக்கு அப்படி ஒரு சங்கமும் வரவில்லை, சட்டமும் வரவில்லை. டிவி வந்தது, அவர் போய்விட்டார்.

பெண்கள் பக்கம் தமிழ்நாட்டுக்கு உலகுக்கே காட்டக்கூடிய அத்தியாயம் ஒன்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் கற்றது பந்தயத்துக்காக இல்லை. ஆனால் பந்தயத் திறன் என்று பேசும்போது ரத்தத்தை விட்டுவிட முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இந்தியா முழுவதும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜன் சுமக்கும். 14 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 10 இருந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் ஆக்சிஜன் சரக்கு கால் பங்குக்கு மேல் குறைந்துபோகிறது. அஸ்மாராக்காரி உயரத்தால் பெறும் அனுகூலம் சில சதவீதம். நம் பெண் இரும்புச்சத்து இல்லாமல் இழப்பது அதைப்போலப் பல மடங்கு. முருங்கைக்கீரைக்கும் மாத்திரைக்கும் செலவாகும் காசு எந்த கார்பன் சக்கரத்தைவிடவும் மலிவு.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடல் எரிக்கும் ஆற்றலில் இருபது சொச்சம் சதவீதமே பெடலுக்குப் போகிறது. 200 வாட் மிதித்தால் 700 வாட் வெப்பம் உள்ளே தங்கும். மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் அது சரியாகக் கழியும். மலையேறும்போது வேகம் பத்து கிலோமீட்டர், முகத்தில் காற்றில்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டுவது குளிர்விக்காது. சித்திரை வெயிலில் ஜவ்வாது ஏற்றத்தில் எடுத்த நேரத்தை ஃபுஜி நேரத்தோடு ஒப்பிடுகிறவர் இதற்குக் கழிவு தர வேண்டும். எதிர்த்திசையிலும் கணக்கு உண்டு. 1891-ல் பிறந்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்கச் சொல்லும் அமெச்சூர் ஓட்டம். 2019-ல் இந்தியாவிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலோர் நேரத்துக்குள் முடிக்கவில்லை. நம் நெடுஞ்சாலைகளில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டித் தகுதி பெற்றவர்கள்தான். பிரெட்டானியின் ஓயாத மேடுபள்ளமும் எதிர்க்காற்றும் இரவுக் குளிரும் அந்தச் சாலைகளில் கிடையாது.

அண்ணா போட்டிக்குத் திரும்பினால், அதில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதால் வென்றவனின் நேரத்தை வைத்து அவன் வலுவைச் சொல்ல முடியாது. இருபது கிலோமீட்டரில் பாதியை அவன் யார் முதுகுக்குப் பின்னால் கழித்தான் என்பது யாருக்குத் தெரியும்? பிட்லேக் முறையில் நிமிடத்துக்கு ஒருவராக விட்டால் தெரிந்துவிடும். கலசப்பாக்கத்தைச் சுற்றி மேடில்லாத, வண்டி குறைந்த சாலை விடியற்காலையில் கிடைக்கும். 55 கிலோப் பையன், இருபது கிலோப் பள்ளி சைக்கிள், நிமிர்ந்த ஹேண்டில்பார். தனியாக 20 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் முடித்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றுக்கு 165 முதல் 195 வாட், டயர் உராய்வுக்கு ஐம்பது சொச்சம், செயினில் போகும் கொசுறு தனி. கூட்டினால் 225-க்கும் 255-க்கும் இடையில் வருகிறது. கிலோவுக்கு 4.1 முதல் 4.6 வாட், ஃபுஜி மலையின் வெள்ளி வளையத்துக்கும் தங்க வளையத்துக்கும் நடுவில். 40 நிமிடத்துக்குள் வருகிறவன் எவனாவது இருந்தால், அவனுக்கு ஒரு கியர் சைக்கிளை வாங்கிக் கொடுத்துப் போளூர் மலைச்சாலையின் அடிவாரத்தில் இறக்கிவிட வேண்டும், கையில் ஸ்டாப்வாட்ச்சோடு.